கழுத்துப்பட்டியும் அடையாள அட்டையும்: தொழினுட்ப நிறுவனங்களின் உடைநெறி – ஒரு விமர்சன நோக்கு

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆடையாகிய அந்தப் பாதியைத் தீர்மானிப்பவர் யார் என்பதைப் பழமொழி கூறுவதில்லை. உழவனுக்குரிய உடை எது, உத்தியோகத்தனுக்குரிய உடை எது என்பதை அவ்வக்காலச் சமூக உறவுகளே வகுத்து வந்துள்ளன. தொழிற்சாலையும் காரியாலயமும் தோன்றிய பின்னர் அவ்வதிகாரம் பெருமளவிற்குத் தொழில் கொடுப்போரின் கைக்கு மாறிற்று. இந்த வகையில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உலகப் பொருளாதாரத்தின் முன்னணிக்கு வந்த கணினித் தொழிற்றுறை தன்னைப் பற்றித் தானே கூறிவரும் கதை கவனத்திற்குரியது. பழைய நிறுவனங்கள் ஊழியரைக் கோட்டுக்கும் கழுத்துப்பட்டிக்கும் உள்ளே அடைத்து வைத்தன. புதிய தொழினுட்ப நிறுவனங்கள் அவற்றைக் களைந்ததோடு மேலோர், கீழோர் என்ற வேறுபாட்டையும் உடன் களைந்தன என்பதே அக்கதையின் சாரம்.

இக்கதையின் வெவ்வேறு அத்தியாயங்களை மூன்று எழுத்துக்களிற் காணலாம். இன்டெல் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ரொபேட் நொய்ஸ் பற்றி டொம் வுல்ஃப் 1983 டிசெம்பரில் 'எஸ்குவயர்' சஞ்சிகையில் எழுதிய நெடுங்கட்டுரை ஒன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவராகவிருந்த லூ கேர்ஸ்ட்னர் 2002 இல் வெளியிட்ட, 'யானைகள் ஆடமாட்டா என்று யார் சொன்னது?' எனப் பொருள்படும் தலைப்புடைய நூல் மற்றொன்று. அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் பற்றி வோல்டர் ஐசக்சன் 2011 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு மூன்றாவது. இவற்றுள் எதுவும் உடையைப் பொருளாகக் கொண்டு எழுந்ததன்று. எனினும் உடைபற்றி அவை போகிறபோக்கிற் கூறும் சில பக்கங்களிலேயே ஆசிரியர்களின் சமூக நோக்கு தெளிவாக வெளிப்படுகின்றது. அவை கூறுவனவற்றையும் கூறாது விடுவனவற்றையும் ஒருங்கே வைத்து நோக்குதல் பயனுடையதாகும்.

காலவரிசைப்படி ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து தொடங்குவது பொருத்தமானது. தோமஸ் வாட்சன் 1914 இல் தலைமையேற்ற நிறுவனம் 1924 இல் ஐ.பி.எம். என்ற பெயரைப் பெற்றது. கருநிறச் சூட்டும் வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் அதன் விற்பனையாளரின் அடையாளங்களாயின. இதனை ஒரு முதலாளியின் தனிப்பட்ட விருப்பு எனத் தள்ளிவிடல் தவறாகும். ஊரூராகச் சென்று பண்டம் விற்போர் மதிப்புக் குறைந்தவராகக் கருதப்பட்ட காலம் அது. வங்கி முகாமையாளனுக்கும் காப்புறுதி நிறுவனத் தலைவனுக்கும் இயந்திரம் விற்கச் செல்பவன் அவர்களைப் போலவே உடுத்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம், விற்பனையாளனை ஒருபடி உயர்த்தவே செய்தது. கட்டுப்பாடாக அமைந்த அதே உடை அவனுக்கு ஒரு கௌரவமாகவும் அமைந்தது. இந்த இரட்டைத் தன்மையை மறந்து கழுத்துப்பட்டியை அடிமைத்தளையாக மட்டும் காண்பது வரலாற்று நோக்காகாது.

கேர்ஸ்ட்னர் இதனை உணர்ந்தவர். 1993 இல் ஐ.பி.எம். தலைமையை ஏற்ற அவர் 1995 இல் உடைக்கட்டுப்பாட்டை நீக்கினார். வாட்சன் வகுத்த நெறியின் உட்பொருள் வாடிக்கையாளரை மதித்தல் என்பதே, காலப்போக்கில் வாடிக்கையாளரின் உடை மாறிற்று, ஐ.பி.எம். மட்டும் காரணத்தை மறந்து சடங்கைப் பேணிக்கொண்டிருந்தது. ஆகவே அன்றன்றைய வேலைக்கும் சந்திக்க வேண்டியவர்க்கும் ஏற்ப உடுத்துக என்று கூறுவது வாட்சனின் கருத்துக்குத் திரும்பிச் செல்வதேயாகும் என்பது அவரது விளக்கம். சடங்கு வேறு, அதன் காரணம் வேறு எனப் பிரித்துக் காட்டும் இவ்விளக்கம் நேர்த்தியானது. முகாமையாளர் எழுதும் நூல்களில் இத்தகைய வரலாற்றுணர்வு அரிதாகவே காணப்படும்.

ஆயினும் அதே நூலில் அவர் கூறும் வேறொரு நிகழ்ச்சி அவருடைய விளக்கத்தைத் தாண்டிச் செல்கின்றது. நிறுவனத்தின் உயர் அலுவலரை அவர் முதன்முதலிற் சந்தித்தபோது அறையிலிருந்த ஆண்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளைச் சேட்டு அணிந்திருந்தனர். அவர் மட்டும் நீலச் சேட்டு அணிந்திருந்தார். சில வாரங்கள் கழித்து அதே குழுவினரின் கூட்டத்திற்கு அவர் வெள்ளைச் சேட்டு அணிந்து சென்றார். ஏனையோர் அனைவரும் வேறு நிறங்களில் வந்திருந்தனர். இதனை அவர் ஒரு வேடிக்கையாகவே கூறிச் செல்கிறார். உண்மையில், உடைபற்றி அந்நூலிலுள்ள மிக முக்கியமான செய்தி இதுவேயாகும். இடைப்பட்ட வாரங்களில் எந்தச் சுற்றுநிருபமும் சேட்டின் நிறத்தை மாற்றுமாறு பணிக்கவில்லை. வாடிக்கையாளர் எவரும் அந்த அறையில் இருந்திலர். தலைவனின் மேனியிலுள்ள நிறம் எதுவோ அதுவே நெறியாயிற்று. எழுதப்பட்ட விதி நீக்கப்படுவதற்கு முன்னரே எழுதப்படாத விதி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. 'சந்தர்ப்பத்துக்கு ஏற்ப உடுத்துக' என்ற கட்டளையில், சந்தர்ப்பம் யாதென வரையறுப்பவர் யார் என்ற வினாவை கேர்ஸ்ட்னர் எழுப்புவதில்லை. நீலச் சேட்டு நிகழ்ச்சியோ அதற்கு விடை தந்துவிடுகின்றது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வளர்ந்த ஐ.பி.எம். மரபுக்கு நேர் எதிரானதாக மேற்குக் கரையின் கலிபோர்னியாவைக் காட்டுகிறது வுல்ஃபின் கட்டுரை. நொய்ஸ் 1957 இல் ஃபெயார்ச்சைல்ட் குறைகடத்தி நிறுவனத்தையும் 1968 இல் இன்டெல் நிறுவனத்தையும் தோற்றுவித்தோருள் ஒருவர், அயோவா மாநிலத்தின் கிரினெல் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர், சமயகுருவின் மகன். அவரது நிறுவனத்தில் அதிகாரிகளுக்கெனத் தனி வாகனத் தரிப்பிடமும் ஆடம்பர அறைகளும் இல்லாதிருந்தமையை வுல்ஃப் விரித்துரைக்கின்றார். குருமாரின் மேலாதிக்கத்தை ஏற்காத சீர்திருத்தக் கிறித்தவ மரபு ஒன்றின் தொடர்ச்சியை அவர் அதிலே காண்கிறார். ஃபெயார்ச்சைல்ட் தலைமையகத்திலிருந்து தலைவர் ஒருமுறை கரிய கடிலாக் வண்டியில் வந்திறங்கியதையும், சீருடையும் தொப்பியும் அணிந்த சாரதி நெடுநேரம் வாயிலிற் காத்திருந்ததையும், அங்கிருந்தோர் அச்சாரதியைப் புதுமையாகப் பார்த்ததையும் கூறும் பகுதி அக்கட்டுரையின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. நாட்கணக்கான விவாதத்தால் உணர்த்த வேண்டியதை ஒரு சாரதியின் தொப்பியால் உணர்த்திவிடுகிறார் வுல்ஃப்.

அவரது கண் கூர்மையானது. ஆயினும் அது பார்க்கும் திசை ஒன்றே. பொறியியலாளரும் அவர்தம் தலைவர்களும் ஒருவர்க்கொருவர் எவ்வாறு தோற்றமளித்தனர் என்பதே அவரது அக்கறை. இயந்திரங்களருகே நின்று குறைகடத்திச் சில்லுகளை ஆக்கிய பெண்கள் அச்சித்திரத்தின் ஓரத்திலேயே நிற்கின்றனர். இன்டெல் தனது முதலாவது கடல்கடந்த தொழிற்சாலையை 1972 இல் மலேசியாவின் பினாங்கில் அமைத்தது. சமத்துவம் பற்றிய கதையோ கலிபோர்னியாவை விட்டுக் கடல் கடப்பதில்லை. தொழிற்சங்கம் தமது நிறுவனங்களுக்கு ஒவ்வாதது என்பதே நொய்ஸின் நிலைப்பாடாகவும் இருந்தது. தலைவனும் ஊழியனும் ஒரே மாதிரி உடுத்து ஒரே மேசையிலிருந்து உண்ணும்போது சங்கம் எதற்கு என்ற எண்ணம் எளிதில் வேரூன்றும். வேறுபாடு கண்ணிற் படாதவிடத்து வேறுபாடு இல்லையெனக் கொள்ளல் இயல்பு. இந்த வகையில், எளிமையான உடை தலைவனின் பண்பை மட்டும் காட்டி நிற்கவில்லை. நிறுவனத்துக்குப் பயன்படும் கருத்தியலாகவும் தொழிற்பட்டது.

ஐசக்சனின் நூல் இன்னொரு கோணத்தைத் தருகின்றது. 1980களில் யப்பான் சென்ற ஜொப்ஸ், சொனி நிறுவனத்தில் ஊழியர் சீருடை அணிந்திருந்ததைக் கண்டு அக்கியோ மொரிட்டாவிடம் காரணம் வினவினார். போருக்குப் பின் மக்களிடம் உடையே இருக்கவில்லை. ஆதலால் அன்றாடம் அணிய ஏதேனும் ஒன்றை நிறுவனங்கள் கொடுக்கவேண்டியதாயிற்று என்பது விடை. நாளடைவில் அது நிறுவனத்தோடு ஊழியரைப் பிணைக்கும் அடையாளமாக மாறியது. சொனிக்கு 1981 இல் சீருடை வடிவமைத்தவர் புகழ்பெற்ற ஆடைக்கலைஞர் இசே மியாகே. ஜொப்ஸ் அப்பிளுக்கும் அவரைக்கொண்டு ஒரு சீருடை ஆக்குவிக்க விரும்பித் தமது ஊழியர்முன் அதனை எடுத்துரைத்தபோது, அவர்கள் கூச்சலிட்டு நிராகரித்தனர். பின்னர் மியாகே அவருக்கெனக் கரிய கழுத்துயர் சேட்டுகள் நூறளவில் ஆக்கிக்கொடுக்க, ஜொப்ஸ் தாமே அவற்றை ஆயுள்வரை அணிந்தார்.

ஐசக்சன் இதனை ஒரு தனிமனிதனின் சுவையுணர்வாகக் காட்டி அமைகின்றார். ஆனால் இந்நிகழ்ச்சியில் இரு வேறு செய்திகள் அடங்கியுள்ளன. போரினால் நொந்த நாட்டில் தேவையிலிருந்து பிறந்த சீருடை, செல்வம் மிகுந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது ஏற்கப்படவில்லை என்பது ஒன்று. ஊழியர் கூட்டாக நின்று தலைவனுக்கு 'மாட்டோம்' என்று கூற முடிந்தது என்பது மற்றொன்று. அவர்களால் அவ்வாறு கூற முடிந்தமைக்குக் காரணம் உண்டு: முன்வைக்கப்பட்டது ஒரு வெளிப்படையான யோசனை. வெளிப்படையானதை எதிர்க்கலாம். தலைவர் தம்மளவில் ஒரு சீருடையை அணிந்துகொண்ட பின்னர் எதிர்ப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை, பின்பற்றுவதே எஞ்சிற்று. 2003 இல் தொடங்கப்பட்ட தெரனோஸ் நிறுவனத்தின் எலிசபெத் ஹோம்ஸ் அதே கரிய கழுத்துயர் சேட்டை அணிந்தே முதலீட்டாளர்முன் தோன்றினார். அவர் 2022 இல் மோசடிக் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஓர் உடை மேதைமையின் சான்றாகக் கொள்ளப்படும் நிலை தோன்றியமை இங்கு சிந்திக்கத்தக்கது. கருநிறச் சூட்டு வங்கியாளனுக்கு வழங்கிய நம்பகத்தன்மையை வேறோர் ஆடை வேறொரு சந்தையில் வழங்கலாயிற்று.

பேஸ்புக் நிறுவனத்தின் மார்க் சக்கர்பேர்க் 2012 மே மாதத்தில் பங்கு வெளியீட்டுக்கு முன்னர் நியூயோர்க் முதலீட்டாளரைச் சந்திக்கத் தலைமூடி தைத்த தமது வழமையான மேற்சட்டையுடன் சென்றார். அது முதிர்ச்சியின்மையின் அடையாளம் எனப் பங்குச்சந்தை ஆய்வாளர் ஒருவர் கண்டித்தமை பெரும் விவாதமாயிற்று. 2018 ஏப்ரலில் அமெரிக்கச் செனற்றர்முன் விளக்கமளிக்க அழைக்கப்பட்டபோதோ அவர் சூட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே சென்றார். முதலாவது இடத்தில் அவரது பங்கை வாங்கப் பிறர் காத்திருந்தனர். இரண்டாவது இடத்தில் அவர் பிறருக்குக் கணக்குக் கூறவேண்டியிருந்தது. இவ்விரு தோற்றங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, விரும்பியவாறு உடுத்தும் உரிமை என்பது பேரம் பேசும் வலிமையின் இன்னொரு பெயரே என்பது விளங்கும். தனது நிலை உறுதியாயிருப்பவனுக்குக் கசங்கிய சேட்டு எளிமையெனப் போற்றப்படுகிறது. நேர்முகப் பரீட்சைக்குச் செல்பவன் அவ்வாறே சென்றால் அது அசட்டையெனக் கொள்ளப்படலாம்.

கழுத்துப்பட்டி அகன்ற காரியாலயத்தில் வேறுபாட்டைக் காட்டும் பணியை எது ஏற்றது? இதற்கான விடை மேற்கூறிய மூன்று எழுத்துக்களிலும் இல்லை. நீதிமன்ற ஆவணம் ஒன்றிலே உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் தற்காலிக ஊழியராக வைக்கப்பட்டிருந்தோர் 1992 இல் தொடுத்த வழக்கில், 1996 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அவர்களின் நிலையை விவரிக்கின்றது. அவர்கள் நிரந்தர ஊழியரோடு ஒரே குழுவில், ஒரே மேற்பார்வையாளரின் கீழ், ஒரே வேலையை, ஒரே நேரத்திற் செய்தனர். ஆனால் அவர்களது அடையாள அட்டையின் நிறம் வேறு. மின்னஞ்சல் முகவரி வேறு. நிறுவனத்தின் வைபவங்களுக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. மேலதிக நேர வேலைக்குக் கொடுப்பனவும் இல்லை. 2000 டிசெம்பரில் 97 மில்லியன் டொலர் கொடுக்க நிறுவனம் இணங்கியதோடு வழக்கு முடிவுற்றது. கூகிள் நிறுவனத்திலும் நேரடி ஊழியர் வெள்ளை அட்டையும் ஒப்பந்த ஊழியர் சிவப்பு அட்டையும் அணிந்தனர். 2019 மார்ச்சில் அந்நிறுவனத்திற்காக உழைத்த தற்காலிக, ஒப்பந்த ஊழியர் ஏறத்தாழ 121,000 பேர் எனவும் நேரடி ஊழியர் 102,000 பேர் எனவும் 'நியூயோர்க் ரைம்ஸ்' வெளியிட்டது. சிறுபான்மையினரின் சுதந்திரமே நிறுவனத்தின் பண்பாடாகப் புகழப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் வாசகர் இத்தகைய தளர்வை முன்பும் அறிவர். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நிகழ்ந்த நீண்ட போராட்டத்தின் பின் 1859 இல் அவ்வுரிமை வழங்கப்பட்டபோதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணிதலாகாது என்ற நிபந்தனை உடனிருந்தது. அவ்விழிவையும் இன்றைய அட்டையின் நிறத்தையும் ஒருதட்டில் வைத்தல் பொருந்தாது. ஆயினும் தடை தளர்வதும் வேறுபாடு அழிவதும் ஒன்றல்ல என்பதை அவ்வரலாறு கற்பிக்கின்றது.

உடைச் சுதந்திரத்தின் எல்லை தொழிற்சாலையின் வாயிலில் இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. சில்லுகள் ஆக்கப்படும் தூய அறையில் பணிபுரிவோர் உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிய வெள்ளையுடையை அணிய வேண்டும். 'முயலுடை' என அழைக்கப்படும் இதனை இன்டெல் 1973 இல் அறிமுகஞ் செய்தது. பிற தொழிற்சாலைகளிற் கவசவுடை தொழிலாளியைக் காப்பதற்காக அமைவது. முயலுடையின் முதல் நோக்கமோ மனித உடலிலிருந்து உதிரும் தோல், மயிர், தூசு ஆகியவற்றிலிருந்து சில்லைக் காப்பதாகும். உள்ளிருப்போரை இரசாயனங்கள் தாக்குவது வேறு விடயமாகக் கருதப்பட்டது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் டிஜிட்டல் நிறுவனத்தின் தொழிற்சாலையில் 1986 இல் நிகழ்ந்த ஆய்வு, உற்பத்திப் பிரிவுகள் சிலவற்றிற் பணியாற்றிய பெண்களிடையே கருச்சிதைவு மிகுந்திருந்தமையைக் காட்டிற்று. 1992 இல் வெளிவந்த ஆய்வுகள் கிளைக்கோல் ஈதர் என்னும் கரைப்பான்களை இதனோடு தொடர்புபடுத்தின. 1997 சனவரியிலோ இன்டெல் அவ்வுடையைப் பளபளக்கும் பல நிறங்களிற் காட்டி, அதனுள் இருப்போர் நடனமாடுவதாகத் தொலைக்காட்சி விளம்பரம் செய்தது. கட்டாய உடை ஒன்று களிப்பின் உடையாகக் காட்டப்பட்டதற்கு இதனினும் சிறந்த உதாரணம் காண்பது அரிது.

இத்தொழிற்றுறை ஆசியாவிற் பரவியபோது உடைநெறியும் உடன் பரவிற்று. 1981 இல் தொடங்கப்பட்டுப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்போசிஸ் நிறுவனம், வாரத்தின் பெரும்பகுதியில் முறைசார்ந்த உடையைக் கட்டாயமாக்கியிருந்து, 2015 யூனிலேயே எல்லா நாட்களிலும் இலகுவான உடைக்கு இடமளித்தது. ஐ.பி.எம். கட்டுப்பாட்டை நீக்கி அப்போது இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. அந்நிறுவனத்தின் வருமானத்திற் பெரும்பகுதி வட அமெரிக்காவிலிருந்து வருவது. வாடிக்கையாளரைப் போல் உடுத்துக என்ற வாட்சனின் கொள்கை, வாடிக்கையாளரே கைவிட்ட பின்னரும், கடலுக்கு அப்பால் அவருக்காக உழைத்தோரின் கழுத்தில் தங்கியிருந்தது. தன் தகுதியை ஐயுறுவோர் எதிரிலிருப்பர் என்ற அச்சமுள்ளவரை உடையைத் தளர்த்தத் துணிவு பிறப்பதில்லை. இருபதாண்டுத் தாமதத்தை வெறும் பழமைவாதம் என்று இகழாது, உலகச் சந்தையிலே அந்நிறுவனம் பெற்றிருந்த இடத்தின் விளைவாகக் காண்பதே பொருத்தமாகும்.

இவ்வாறெல்லாம் கூறுவது கழுத்துப்பட்டிக்கு மீண்டும் ஆட்சி வேண்டுவதாகாது. வெப்ப நாட்டில் கம்பளிக் கோட்டினுள் வியர்ப்பதிலும் பருத்திச் சேட்டுடன் பணிபுரிவது நன்று என்பதில் ஐயமில்லை. உடையின் தளர்வு பயனற்றது என்பாரின் கூற்று ஏற்கத்தக்கதன்று. ஆனால் எழுதப்பட்ட விதிக்கு ஒரு குணம் உண்டு, அதனை வறிய குடும்பத்திலிருந்து வந்தவனும் வாசித்து அறியலாம், அறிந்து நிறைவேற்றலாம், அநீதியாயின் சுட்டிக்காட்டி எதிர்க்கலாம். எழுதப்படாத விதியை, அது வழங்கும் வட்டத்தினுள் பிறந்து வளர்ந்தோரே இயல்பாக அறிவர். பெண்களுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகின்றது. மேலே நோக்கப்பட்ட எழுத்துக்களில் மாதிரியாகக் காட்டப்படும் உடைகள் யாவும் ஆண்களின் உடைகளே. 'விரும்பியதை அணிக' என்ற சொல்லை நம்பி அணியும் பெண்ணுக்கு முன்மாதிரியும் இல்லை, விமர்சனத்திலிருந்து விலக்கும் இல்லை.

வுல்ஃப், கேர்ஸ்ட்னர், ஐசக்சன் ஆகிய மூவரும் தாம் கண்டதைத் திறம்பட எழுதியவர்கள். சாரதியின் தொப்பி, நீலச் சேட்டு, ஊழியரின் கூச்சல் ஆகியவற்றை அவர்கள் பதிவுசெய்யாதிருந்தால் இத்தகைய ஆய்வுக்கே இடமிருந்திராது. அவர்களின் குறைபாடு, தலைவனின் மேனியிலிருந்து பார்வையை அகற்றாமையே. அட்டையின் நிறம், முயலுடை, கடல்கடந்த கழுத்துப்பட்டி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதப்படும்போதுதான் இத்தொழிற்றுறையின் உடை வரலாறு முழுமை பெறும். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி இந்நிறுவனங்களின் வாயிலை நாடும் இளைஞருக்கு, 'இங்கே உடைக்கட்டுப்பாடு இல்லை' என்ற வாசகம் ஊதியத்தின் ஒரு பகுதி போலவே கூறப்படுவதுண்டு. அதனைக் கேட்போர், கழற்றப்பட்ட கழுத்துப்பட்டிக்குப் பதிலாகக் கழுத்திலே தொங்கப்போகும் அட்டை எந்நிறத்தது, அந்நிறத்தோடு வரும் உரிமைகள் எவை, வராதவை எவை என்பனவற்றையும் சேர்த்துக் கேட்டறிதல் வேண்டும்.